நீல இன்ஹேலர் தொடாத இடம்

ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் போய் நீலநிற இன்ஹேலர் எங்கே என்று கேளுங்கள். யோசிக்காமல் எடுத்துத் தருவார்கள். தலையணைக்கு அடியில் ஒன்று, கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒன்று. டாக்டர் கூடவே எழுதிக் கொடுத்த இன்னொரு இன்ஹேலர் எங்கே என்றால்தான் தேடல் தொடங்கும். என் அத்தை வீட்டில் அது பீரோவின் மேல்தட்டில், பழைய ஸ்கேன் கவர்களுக்கு நடுவே, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தது. "அது ஸ்டீராய்டாம்டா, பழகிடுமாம். எனக்கு இதுவே கேக்குதே" என்றார் அத்தை, நீலத்தைக் காட்டி.

கேட்கத்தான் செய்கிறது. அதில்தான் சிக்கலே. நீல இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் சால்பியூட்டமால். மூச்சுக்குழலைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்திவிடும் மருந்து. இழுத்த ஐந்து நிமிடத்தில் நெஞ்சு லேசாகும், நாலைந்து மணி நேரம் தாங்கும். பீரோவில் கிடந்த இன்னொன்று, இழுத்த அன்றைக்கு ஒன்றும் செய்ததாகவே தெரியாது. அது வேலை செய்யும் இடம் தசை இல்லை. குழலின் உள்சுவரில் இருக்கும் அழற்சி.

அழற்சி என்ற சொல் அழலில் இருந்து வந்தது. அழல் என்றால் நெருப்பு. குதிகாலில் முள் தைத்தால் மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, விண்விண்ணென்று தெறிக்கும். முள் செய்தது சின்ன ஓட்டைதான். மற்றதெல்லாம் உடம்பு செய்தது. அங்கே இரத்தக் குழாய்கள் விரிந்து நீரைக் கசிய விடுகின்றன, வெள்ளணுக்கள் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்து கிருமி இருந்தால் கொல்கின்றன, செத்த திசுவைக் கூட்டித் தள்ளுகின்றன. வேலை முடிந்ததும் ஆறிவிட வேண்டும். காலில் அப்படித்தான் நடக்கும்.

நுரையீரலில் இது கொஞ்சம் வேறு மாதிரி. முதலில், அங்கே அழற்சி வந்தாலும் வலிக்காது. நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது, அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் தெரியும். அதனால் வருஷக்கணக்கில் உள்ளே புகைந்துகொண்டிருந்தாலும் வெளியே தெரிவது இருமல், சளி, மாடி ஏறும்போது இரைப்பு, அவ்வளவுதான். இரண்டாவது, ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. தூசி, மகரந்தம், கிருமி, பக்கத்து வீட்டுத் தாளிப்பு, எல்லாமும் அதோடு போகும். ஒவ்வொன்றுக்கும் உடம்பு எகிறினால் மூச்சே விட முடியாது. காற்றுப்பைகளில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு அணுக்கள் பெரும்பாலானதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. ஊரைக் கூட்டாமல் வேலையை முடிப்பதுதான் அவற்றின் திறமை. அந்த அடக்கம் எங்கே கெடுகிறதோ அங்கே நோய் தொடங்குகிறது.

மூன்றாவது, குழலின் கணக்கு. காற்று சீராக ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதற்குள் ஓடும் காற்றுக்கான தடை இரண்டு மடங்காகாது, 16 மடங்காகும். கையில் ஒரு மில்லிமீட்டர் வீக்கத்தை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர் அகலக் குழலின் உள்சுவரில் அதே வீக்கம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைகளுக்குச் சாதாரணச் சளிக்கே வீசிங் வருவதற்கு இது ஒரு காரணம். அவர்களின் குழல்கள் ஏற்கெனவே குறுகல்.

ஆயுத பூஜைக்குப் பரண் ஒதுக்கிய ஆஸ்துமாக்காரரை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு ஏறினார். கால் மணி நேரத்தில் தும்மல், நெஞ்சில் விசில் சத்தம். தூசிப் பூச்சியின் கழிவில் இருக்கும் புரதம் குழலின் உள்சுவரில் பட்டதும், அங்கே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை முதுகில் சுமந்துகொண்டு காத்திருந்த மாஸ்ட் அணுக்கள் வெடித்து ஹிஸ்டமினையும் லூகோட்ரைனையும் கொட்டிவிட்டன. தசை இறுகியது. நீல இன்ஹேலரை இரண்டு பஃப் இழுத்தார், சரியாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கினார். சாயங்காலம் மறுபடி இழுப்பு. இந்த முறை நீலம் அவ்வளவாகக் கேட்கவில்லை. "காலையிலதானே தூசி, இப்ப ஏன்?" என்று வீட்டில் கேட்பார்கள். காலையில் வெடித்த அணுக்கள் ஆள் கூப்பிட்டிருந்தன. அந்த அழைப்புக்கு ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் நாலு முதல் எட்டு மணி நேரத்தில் வந்து சேரும். தசையை மட்டும் இறுக்கிவிட்டு இவை நிற்பதில்லை. உள்சுவரின் தோலையே அரிக்கும், சுவரை வீங்க வைக்கும், சளியைக் கெட்டியாக்கும். இந்த இரண்டாம் சுற்றில் தசையைத் தளர்த்தும் மருந்துக்குப் பாதி வேலைதான். அடுத்த நாள் வாசனைத் திரவியமோ குளிர்காற்றோ பட்டால்கூட இழுப்பு வரும் அளவுக்குக் குழல் முரண்டு பிடிக்கும். பல வருஷம் இப்படியே போனால் சுவர் தடித்து, தசை பெருத்து, பழைய நிலைக்குத் திரும்பாத குழலாகவே ஆகிவிடும்.

இந்தப் புரிதல் ஒன்றும் நேற்று வந்ததல்ல. மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1892இல் எழுதிய மருத்துவப் பாடநூலிலேயே, ஆஸ்துமா பல நேரங்களில் சிறு மூச்சுக்குழல்களின் தனிவகை அழற்சி என்று குறிப்பிட்டார். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வைத்தியம், தசை இறுக்கத்தைச் சுற்றியே ஓடியது. 1960களில் பிரிட்டனில் ஐசோபிரினலின் என்ற மருந்தை அதிக வீரியத்தில் அடைத்த இன்ஹேலர்கள் மருந்துக்கடைகளில் விற்றன. அதே காலத்தில் அங்கே இளவயதினரின் ஆஸ்துமா மரணங்கள் ஏறின. 1970களின் பிற்பாதியில் ஃபெனோடெரால் என்ற இன்னொரு மருந்தோடு நியூசிலாந்தில் அதே கதை. மருந்தே நேரடியாகக் கொன்றதா, அல்லது அது கொடுத்த நிம்மதியில் ஆட்கள் உள்ளே முற்றுவதைக் கவனிக்காமல் விட்டார்களா என்று நீண்ட காலம் வாதாடினார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம். 1980களில் லேசான ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழலில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழுப்பே இல்லாத நாட்களிலும் உள்சுவர் அரிபட்டுக் கிடந்தது.

பிரிட்டனில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்துமாவில் இறந்தவர்களின் சீட்டுகளை எடுத்துப் பார்த்தது. நிவாரண இன்ஹேலர் வாங்கிக்கொண்டிருந்த 165 பேரில் 65 பேருக்கு, சாவதற்கு முந்தைய ஒரே வருஷத்தில் 12க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதப்பட்டிருந்தன. மாதம் ஒன்றுக்கு மேல். அத்தையின் கணக்கும் ஏறக்குறைய அதுதான் என்று தெரிந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019இல், ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டிக் குழுவான ஜீனா, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் தசை தளர்த்தும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், லேசான ஆஸ்துமாவானாலும் ஏதோ ஒரு வகையில் ஸ்டீராய்டு உள்ளே போக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுவது இயல்புதான். இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம் இருக்கும், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு வரை. அதுவும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், உடம்பு முழுக்கச் சுற்றும். சின்னதுக்குப் பயந்து பெரியதை வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். பக்க விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படரும், குரல் கம்மும். பல வருஷம் எடுத்த குழந்தைகள் வளர்ந்த பிறகு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவாக இருந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மூச்சுத்திணறலோடு வளர்வதோடு ஒப்பிட்டால் இது பேரம் பேசத் தேவையில்லாத விலை.

இதுவரை சொன்னதை வைத்து, அழற்சிக்கு ஸ்டீராய்டு, விஷயம் முடிந்தது என்று நினைத்தால் அது அடுத்த தப்பு. அழற்சி என்பது ஒரே சொல், ஆனால் ஒரே நோய் இல்லை. இதை முதலில் அழகாகக் காட்டியவர் இங்கிலாந்தின் டெர்பி நகரில் நெஞ்சுநோய் பார்த்துக்கொண்டிருந்த ஹாரி மோரோ பிரவுன். 1956இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனையில் நாள்பட்ட ஆஸ்துமாவுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு பெரிதாக உதவவில்லை என்று முடிவு வந்திருந்தது. பிரவுன் பெரிதாக எதுவும் செய்யவில்லை. நோயாளி துப்பிய சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். சிலரின் சளியில் ஈசினோபில் அப்பியிருந்தது, சிலரிடம் இல்லை. இருந்தவர்கள் பிரெட்னிசோலோனில் தேறினார்கள், இல்லாதவர்களுக்கு அது வேலை செய்யவில்லை. இரண்டு கூட்டத்தையும் கலந்து சராசரி எடுத்தால் மருந்து உதவாதது போலத்தான் தெரியும். 1958இல் இதை எழுதினார். இழுக்கும் ஸ்டீராய்டு வந்தபோது, 1972இல் அதன் முதல் முடிவுகளை வெளியிட்டவர்களிலும் அவர் ஒருவர்.

அரை நூற்றாண்டு கழித்து அதே பள்ளத்தில் மறுபடி விழுந்தார்கள். ஈசினோபிலை வளர்த்துவிடும் இன்டர்லூகின்-5 என்ற சைகைப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்தை, ஆஸ்துமா என்று பெயர் உள்ள எல்லாருக்கும் போட்டுப் பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவு ஏமாற்றம். மருந்தை மூட்டை கட்டிவிடலாம் என்ற நிலை. 2009இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் இரண்டு குழுக்கள், சளியில் ஈசினோபில் உள்ள தீவிர ஆஸ்துமாக்காரர்களை மட்டும் பொறுக்கியெடுத்து அதே மருந்தைக் கொடுத்தன. லெஸ்டரில் மொத்தமே 61 பேர். வருஷத்துக்கு ஒருவருக்குச் சராசரியாக 3.4 முறை முற்றிய இழுப்பு, மருந்து போட்டவர்களிடம் 2.0 ஆகக் குறைந்தது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து மாறவில்லை, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விதான் மாறியது.

ஈசினோபில் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். "அவருக்கு ஈஸ்னோபீலியா" என்று தமிழ்நாட்டில் இருமுகிற எல்லாரையும் சொல்லிவிடுவது வழக்கம். அந்தச் சொல் இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 1940இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தில் ஃப்ரிமோட் மோல்லர், பார்ட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். காசநோய் என்று அனுப்பப்பட்ட சிலருக்கு எக்ஸ்ரேயில் புள்ளிபுள்ளியாக நிழல் இருந்தது, சளியில் காசக் கிருமி இல்லை, இரத்தத்தில் மட்டும் ஈசினோபில் குவிந்திருந்தது. 1943இல் வைன்கார்ட்டன் என்ற டாக்டர் அதற்கு டிராபிக்கல் ஈசினோபிலியா என்று பெயர் வைத்தார். ராத்திரி ஆனால் அடக்க முடியாத இருமல், இளைப்பு, மெலிவு. பின்னால்தான் தெரிந்தது, காரணம் யானைக்கால் நோயைத் தரும் அதே புழு.

இதில் என்னை யோசிக்க வைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. யானைக்கால் புழு தொற்றிய பலரின் இரத்தத்தில் ராத்திரி நேரத்தில் குஞ்சுப்புழுக்கள் ஏராளமாக நீந்தும், ஆனால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. இந்த இருமல்காரர்களின் இரத்தத்தில் தேடினால் ஒரு புழு கிடைப்பது அரிது. இவர்களின் உடம்பு குஞ்சுப்புழுக்களை நுரையீரலிலேயே மடக்கி, ஈசினோபிலை ஏவி, தீர்த்துக்கட்டிவிடுகிறது. எதிரியை ஒழித்துக்கட்டியவர்தான் நோயாளி, எதிரியோடு சமாதானமாகப் போனவருக்கு நெஞ்சில் கோளாறு இல்லை. தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த மிகை எதிர்ப்பு வருகிறது. யானைக்கால் ஒழிப்புக்காக வீடுவீடாகக் கொடுத்தார்களே, டிஇசி மாத்திரை, அதையே மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆஸ்துமா என்று நினைத்து விட்டுவிட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும்.

சரி, புகைக்கு வருவோம். பீடி, சிகரெட், விறகடுப்பு எதுவானாலும், பல வருஷப் புகையில் வருகிற சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் ஆட வருவது பெரும்பாலும் வேறோர் அணு, நியூட்ரோபில். அதன் கையில் எலாஸ்டேஸ் என்ற நொதி இருக்கிறது. கிருமியைத் தின்ன வந்தது, காற்றுப்பையின் சுவரைத் தின்றுவிடும். பையை ரப்பர் போல விரிந்து சுருங்க வைக்கும் எலாஸ்டின் இழைகள் அறுந்தால், பல சிறு பைகள் ஒன்றாகிச் சில தொளதொளப் பைகளாகும், இழுத்த காற்று வெளியே வராமல் உள்ளேயே தங்கும். இதைப் பிடித்துக் கொடுத்தது ஒரு காகிதப் பட்டை. 1963இல் சுவீடனின் மால்மோவில் லாரெல் என்ற ஆய்வாளர், சுமார் 1,500 பேரின் இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் பட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஐந்து பேரிடம் ஒரு கோடு காணாமல் போயிருந்தது. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதத்தின் கோடு. அவரும் அவரோடு வேலை பார்த்த எரிக்சனும் தேடிப் பார்த்தால், அந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு இப்படி நுரையீரல் கரைந்திருந்தது. எலாஸ்டேஸை அடக்கி வைப்பது அந்தப் புரதத்தின் வேலை. பிறவியிலேயே அது இல்லாத நிலை இந்தியர்களிடம் மிக அரிது. ஆனால் புகை அதே தராசைத்தான் சாய்க்கிறது. அணுக்களைக் கூட்டிவருகிறது, அடக்குகிற புரதத்தையும் முடமாக்குகிறது.

விறகுப் புகையின் சேதம் இன்னும் கொஞ்சம் வித்தியாசமானது. அதில் காற்றுப்பை கரைவதைவிடச் சிறு குழல்கள் தடித்துத் தழும்பேறுவதுதான் அதிகம். நம் கிராமங்களில் வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத பாட்டிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்வதற்கு முக்கியமான காரணம் இது. வயசாகிவிட்டது என்று சொல்லி விடுகிறோம். ஊதாங்குழலோடு குனிந்து கழித்த நாற்பது வருஷத்தை யாரும் கேட்பதில்லை.

நியூட்ரோபில் ஸ்டீராய்டுக்கு அவ்வளவாக மசியாது. புகையை நிறுத்தின பிறகும் பலருக்கு உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஆஸ்துமாவில் கைகொடுத்த அதே இன்ஹேலரை சிஓபிடிக்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்தபோது ஒரு விலையும் கூட வந்தது. 2007இல் வெளியான டார்ச் என்ற பெரிய சோதனையில், ஸ்டீராய்டும் தசை தளர்த்தியும் சேர்ந்த மருந்தை மூன்று வருஷம் இழுத்தவர்களில் 19.6 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. மருந்தே இல்லாத போலி இன்ஹேலர் இழுத்தவர்களில் 12.3 சதவீதம். காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடன் வரத்தானே செய்வான்.

இந்த இரட்டை முகத்தை ஊர் முழுக்கப் பார்த்தது கொரோனா காலத்தில். 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரிகவரி சோதனை முடிவு வந்தது. மருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 என்பது 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை. சொல்லப்போனால் 14.0 என்பது 17.8 ஆக ஏறித்தான் இருந்தது. முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம், அப்போது எதிர்ப்பு வேண்டும். அடுத்த வாரம் எதிர்ப்பே நுரையீரலை நீரால் நிரப்பும், அப்போது அதை அடக்க வேண்டும். ஒரே மாத்திரை, ஏழெட்டு நாள் முன்னே பின்னே. 2021இன் இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த அன்றே வாட்ஸ்அப் சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் நிறைய. சர்க்கரை எகிறி, கரும்பூஞ்சை வரைக்கும் போனதை நாம் பார்த்தோம்.

அப்படியென்றால் நம் நெஞ்சில் எரிவது எந்த நெருப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது இன்றும் சில பெரிய மையங்களில்தான் நடக்கிறது. அதற்கு மாற்றாக டாக்டர்கள் இப்போது பார்ப்பது, எந்த ஊர் லேபிலும் எடுக்கும் சாதாரண இரத்த அணுச் சோதனை. அதில் மொத்த வெள்ளணு ஓர் எண்ணாக இருக்கும், ஈசினோபில் சதவீதமாக இருக்கும். பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். மொத்தம் 8,000, ஈசினோபில் 4 சதவீதம் என்றால் 320. சிஓபிடியில் 300க்கு மேல் இருந்தால் இழுக்கும் ஸ்டீராய்டு உதவ வாய்ப்பு நன்றாக இருக்கிறது, 100க்குக் கீழே இருந்தால் அநேகமாக இல்லை என்று சர்வதேச வழிகாட்டிகள் சொல்கின்றன. நம்மூரில் குடற்புழு இருந்தாலும் இந்த எண் ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அத்தையின் பழைய ரிப்போர்ட்டுகளை அப்படித்தான் ஒருநாள் உட்கார்ந்து பெருக்கினேன். 560, 610, 480. நடுவில் ஒன்றில் மட்டும் பூஜ்யம். லேபில் தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று தேதியைப் பார்த்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு ராத்திரி இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள்.